பெரியவருக்கு விட்ட தண்ணீர்

தும்பைமேட்டில் வந்து சின்னப்பொண்ணு வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். தண்ணிக்காரி வீடு என்று கேட்டால் நடக்கத் தெரிந்த குழந்தைகூடக் கை காட்டும். ஊராட்சி டேங்குக்கு அவள்தான் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, டேங்கின் மேல் ஏறி பிளீச்சிங் பவுடர் கலக்குவது, தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திட்டு வாங்குவது. கடைசியாகச் சொன்னது வேலை உத்தரவில் கிடையாது. ஆனாலும் மற்றதையெல்லாம்விட அதற்குத்தான் அவளுக்கு அதிக நேரம் போயிற்று.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆகாத காலம். கல்வராயன்மலையில் இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. மலையில் பெய்தால் ஓடை வரும், ஓடை வந்தால் ஏரி நிறையும், ஏரி நிறைந்தால் ஊர் போர்வெல்லில் தண்ணீர் ஊறும். இப்போது மலை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஏரிக்குள் ஆடு மேய்த்தார்கள். போர் காற்று வாங்கியது. கொஞ்ச நேரம் தண்ணீர் ஏறும், பிறகு மோட்டார் வெறுமனே உறுமும். நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி போட வேண்டும். விட்டால் மோட்டாரின் காயில் எரிந்துபோய்விடும். காயில் போனால் அதற்கும் அவளைத்தான் திட்டுவார்கள். முன்பெல்லாம் ஒரு பொழுதில் வழிந்த டேங்க் இப்போது நாள்கணக்கில் இழுத்தது. அதுவும் ஒரே ஒரு தெருவுக்குத்தான் காணும்.

ஊரில் தெரு மூன்று. பெரிய தெருவில் நிலம் உள்ளவர்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய், பாதி வீடுகளில் தரைக்கடியில் தண்ணீர் பிடித்து வைக்கிற சம்ப். நடுத்தெருவில் கொஞ்சம் கொஞ்சம் எல்லாம் உள்ளவர்கள். கடைசித் தெருவில், அந்தப் பெரிய தெருக்காரர்களின் நிலத்தில் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிறவர்கள். அங்கே தெருவுக்கே இரண்டு குழாய்தான். சின்னப்பொண்ணு வீடும் அங்கேதான். அதனால் அவள் எந்த வால்வைத் தொட்டாலும் பெரிய தெருவில், "தன் தெருவுக்கு ஜாஸ்தி வுட்டுக்கறா" என்பார்கள். அவள் தெருவிலோ, "நம்ம பொண்ணுன்னு பேரு, நமக்குத்தான் கம்மி" என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துவிட்டது. மரத்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சை மனதுக்குள் முதலிலிருந்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுடைய புருஷன் செல்லமுத்து கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். முதலில் மாதம் ஒரு தடவை வந்தான், பிறகு பொங்கலுக்கு வந்தான், பிறகு போனில் வந்தான். அதுவும் நின்றுபோனபோது ஊராட்சித் தலைவராக இருந்தவர் பெரிய தெரு காசிநாதன். இந்த வேலையை ஒரு பொம்பளைக்கா கொடுப்பது, அதுவும் கடைசித் தெரு பொம்பளைக்கா என்று அவர் தெருவே எகிறியது. "நீங்க யாராவது டேங்க் மேல ஏறிப் பவுடர் போடறீங்களா?" என்று அவர் கேட்டார். அப்படித்தான் வேலை அவளுக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரே மகள் கண்ணகியை வளர்த்து, களமருதூரில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை பார்க்கப் போனவள் அந்த வீட்டுக்குள் போவதற்கு முன்னால் கொல்லைக் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடந்தது. மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கவே அவளுக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, அவன் குடிக்கிறவன் இல்லை.

காசிநாதன் பதவி போன பிறகும் காலையில் மோட்டார் ரூம் பக்கம் நடந்து வருவார். சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அவருக்கு இழுப்பு நோய். மலச்சிக்கல் பற்றியும், உளுந்தூர்பேட்டையில் ஓட்டல் வைத்திருக்கும் மகன் தனசேகரன் போன் செய்யாதது பற்றியும் பேசுவார். சின்னப்பொண்ணு ஒரு காதை மோட்டார் சத்தத்துக்கும் ஒரு காதை அவருக்குமாகக் கொடுத்திருப்பாள். எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அவளிடம் தண்ணீர் தவிர வேறு எதையாவது பேசுகிற ஆள் ஊரில் அவர் ஒருவர்தான்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். தெருவுக்குத் தெரு முறை வைத்துத்தான் தண்ணீர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ், எதற்கும் முறை மாறாது. மாறுவது ஒன்றுக்குத்தான். சாவு விழுந்தால், எந்தத் தெருவோ அந்தத் தெருவுக்கு டேங்கைத் திறந்துவிட வேண்டும். பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தலைமுழுக வேண்டும். யாருடைய முறையாக இருந்தாலும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கடைசித் தெரு சாலம்மாளின் புருஷன் செத்தபோது பெரிய தெரு தன் முறையை விட்டுக்கொடுத்தது. முணுமுணுக்கக்கூட இல்லை. மற்ற எதிலும் ஒழுங்கில்லாத ஊர் இந்த ஒன்றில் ஒழுங்காக இருந்தது.

சித்திரையில் ஒரு நாள் காலை. அன்று கடைசித் தெருவின் முறை. போன முறை பிடித்த தண்ணீர் தீர்ந்து, ஓடைப் பக்கம் ஒரு வயல் போரில் போய்க் கெஞ்சி ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டேங்க் ஓரளவு ஏறியிருந்தது. சின்னப்பொண்ணு வால்வுச் சாவியோடு குழிக்குள் குனிந்தாள். அப்போது பெரிய தெருவிலிருந்து அழுகுரல் கேட்டது. காசிநாதன் வீட்டுப் பக்கம். இரண்டு நாளாக அவர் நடக்க வரவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

பால் கேனோடு வண்டியில் வந்தான் பெரிய தெரு வீரமுத்து. அவள் சாலைக்கு ஓடினாள்.

"பெரியவரு எப்பிடிங்க இருக்காரு?"

வீரமுத்து வண்டியை நிறுத்தவில்லை. அவனுக்குப் பால் கெட்டுவிடும்.

"அவரு வெடியக்காலமே போயிட்டாரு."

போய்விட்டார். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்பார்களா? எழுபது தாண்டி, இழுப்பில் படுத்திருந்தவர், வீட்டில் அழுகுரல், "போயிட்டாரு". வெளியே கிளம்புகிறவன்கூடப் போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லுகிற ஊர் இது. சின்னப்பொண்ணுவுக்குக் கண் நிறைந்து வால்வு எது என்றே தெரியவில்லை. தடவித் தடவிப் பெரிய தெரு வால்வைத் திறந்தாள். முழுசாகத் திறந்தாள். அவருக்குக் கணக்குப் பார்த்து விட அவளுக்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாலம்மாள் குடங்களோடு வந்தாள். கூடவே தெருப் பெண்கள்.

"இன்னா சின்னப்பொண்ணு, கொழாய்ல ஒண்ணும் வரல?"

"பெரியவரு போயிட்டாருக்கா. அவங்க தெருவுக்கு வுட்டுட்டேன்."

சாலம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். வயல் போருக்குப் போய் வரும் தூரத்தை மனதில் நடந்து பார்த்திருப்பாள்.

"போவட்டும். நல்ல மனுசன். நமக்கு இன்னா, பொறுத்துக்கறதுதான்."

பெண்கள் திரும்பிப் போனார்கள்.

டேங்க் காலியாகிற வரைக்கும் சின்னப்பொண்ணு வால்வை விட்டு நகரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு துக்கத்துக்குப் போனாள். தெரு முனையிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டாள். வழியில் வீட்டுக்கு வீடு டிரம்மும் அண்டாவும் நிறைந்து கிடந்தன. முறை இல்லாத நாளில் ஏன் தண்ணீர் வருகிறது என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தண்ணீர் வந்தால் பிடிப்பார்கள், வராவிட்டால்தான் கேள்வி. காசிநாதன் வீட்டு முன்னால் பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை. இன்னும் ஆள் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டாள்.

"என்னிய வேலைக்கு வெச்ச ராசாவே, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே..."

காசிநாதனின் மனைவி ரங்கம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் பாதி சாப்பிட்ட இட்லித் தட்டு.

"இன்னாடி இது? யாருக்கு இன்னா ஆச்சு?"

சின்னப்பொண்ணுவின் கை மாரிலேயே நின்றது.

"ஐயா போயிட்டாருன்னு..."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காருடி. இழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு. ஆம்புலன்ஸு வந்து கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயிருக்குது. ஏத்தி அனுப்பிட்டு மனசு கேக்காம அழுதுக்கினு இருந்தேன். இப்பதான் போன் வந்துது, கண்ணு முழிச்சி காப்பி கேட்டாராம்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். பிற்பாடு சின்னப்பொண்ணுவே அதைப் பலமுறை நினைத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் காலி டேங்க்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்ப தண்ணி?"

"இன்னா தண்ணி?"

"ஐயா சாவுக்குன்னு வுட்டேனேம்மா."

ரங்கம்மாளின் கையிலிருந்து தட்டு விழுந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குச் சாவுத் தண்ணீர் விட்டிருக்கிறாள். அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து சம்பில் நிறைந்து கிடக்கிறது. அதில்தான் காலையில் குளித்தாள், அதில்தான் இட்லிக்கு ஊற்றினாள். ரங்கம்மாள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. வேலைக்காரனைக் கூப்பிட்டு சம்புக்குள் மோட்டாரை இறக்கச் சொன்னாள்.

"கொட்டாதீங்கம்மா" என்று சின்னப்பொண்ணு காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "கடைசித் தெரு ஆளுங்கள இட்டுக்கினு வரேன். அவங்க மொண்டுக்கினு போவட்டும். அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"அவங்களுக்கு ஆவாது, இவருக்கு ஆவும். அந்தத் தண்ணி ஒருத்தர் வவுத்துக்குள்ள போனாலும் அது இவரு சாவுக்குக் குடிச்சதுதான். கொட்றா எல்லாத்தையும்."

கொட்டினான். நல்ல தண்ணீர், கண்ணாடி போல, குழாய் வழியாகத் தெருவில் பாய்ந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் எட்ட நின்று பார்த்தார்கள். அவர்கள் வீட்டு டிரம்மிலும் அதே தண்ணீர்தான். ஆனால் தோஷம் காசிநாதன் வீட்டுத் தண்ணீருக்கு மட்டும்தான் என்று அவர்களுக்குள் எப்படியோ ஒரு முடிவு வந்திருந்தது. ஒருவரும் தங்கள் அண்டாவைக் கவிழ்க்கவில்லை.

பெரிய தெரு மேடு, கடைசித் தெரு பள்ளம். சாக்கடை மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். கடைசித் தெருவுக்கு அன்று தண்ணீர் வரவில்லை என்று சொல்லக்கூடாது. சாக்கடை வழியாக வந்தது. சாலம்மாள் தன் வீட்டு முன்னால் நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தும் அவள் சின்னப்பொண்ணுவைத் திட்டவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் சின்னப்பொண்ணுவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஊராட்சித் தலைவர் கண்ணாயிரம் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்து டேங்க் ஏறியதும் கடைசித் தெருவுக்கே விடலாமா என்று அவள் கேட்டாள்.

"நடுத்தெரு இன்னா பாவம் பண்ணுச்சு? நீ காது கேக்காம தெறந்துட்டு, அவங்க மொறையப் புடுங்கறியா? வரிசைப்படியே வுடு. ஒன் தெரு ஒரு சுத்து பொறுத்துக்கட்டும்."

ஒரு சுற்று என்று வாயால் சொல்வது சுலபம். அந்த ஒரு சுற்றில் வயல் போர்க்காரன் கதவை மூடிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் கரும்பே காய்ந்துகொண்டிருந்தது. கடைசித் தெருப் பெண்கள் மலையடிவாரத்து ஊற்று வரைக்கும் போனார்கள். கொட்டாங்கச்சியால் மொண்டு வடிகட்டிக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சின்னப்பொண்ணுவும் அவர்களோடு போனாள். வழியில் யாரும் அவளோடு பேசவில்லை. ஊரின் தண்ணீருக்கெல்லாம் சாவி அவள் இடுப்பில் இருந்தது, அந்த இடுப்பில் ஊற்றுத் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்தாள்.

காசிநாதன் ஆட்டோவில் திரும்பி வந்தார். மறுநாளே தடியை ஊன்றிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு வந்துவிட்டார். மேடையில் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும் கேட்டார்.

"நான் போயிட்டேனாமே?"

சின்னப்பொண்ணு தலையைத் தொங்கப் போட்டாள். "காதுல அப்பிடித்தாங்க வுழுந்துது. தப்புத்தாங்க."

"ஒப்பாரி நல்லா வெச்சியாம். ரங்கம்மா சொன்னா. அவளுக்கு அவ்ளோ ராகம் வராது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் டேங்கை அண்ணாந்து பார்த்தார்.

"நிசமாவே போயிருந்தாத் தேவல. ஒனக்கும் திட்டு இல்ல, தண்ணியும் வீணாவல. எனக்கும் இந்த இழுப்பு இல்ல."

"அப்பிடிச் சொல்லாதீங்கய்யா."

"சலிச்சிப்போச்சு சின்னப்பொண்ணு" என்றார். தடியை ஊன்றி எழுந்து போனார். அவளுக்கும் சலித்துத்தான் போயிருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சுற்று முடிந்து கடைசித் தெருவின் முறை வந்தது. அந்தக் காலையில் அந்தத் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. புழங்க இல்லாமல் போய் நாளாகிவிட்டது. இது குடிக்க. விடிவதற்கு முன்பே பெண்கள் குடங்களை இரண்டு குழாயடியிலும் வரிசை போட்டுவிட்டு, நம்பிக்கை இல்லாமல் டேங்கடிக்கே வந்து நின்றார்கள். சின்னப்பொண்ணு வால்வுக் குழிக்குள் இறங்கினாள்.

பெரிய தெருவிலிருந்து அழுகுரல் கேட்டது.

குழியோரம் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த முறை சின்னப்பொண்ணு சாலைக்கு ஓடவில்லை. சாவியை வால்வில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் தனசேகரன் வந்தான். அப்பாவைப் பார்க்க முந்தின நாள்தான் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அப்பா எறந்துட்டாரு சின்னப்பொண்ணு."

போயிட்டாரு என்று அவன் சொல்லவில்லை. அந்த ஊரில் அந்தச் சொல் அதற்குள் செல்லாக்காசாகிவிட்டிருந்தது.

"அழுவுற சத்தம் கேட்டுதுங்க தம்பி."

"எங்க தெரு வால்வு இன்னும் தெறக்கலியே."

சின்னப்பொண்ணு பெண்களைப் பார்த்தாள். சாலம்மாள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம் அவளுக்கும் தெரியும். தன் புருஷனுக்கு அந்தத் தெரு விட்டுக்கொடுத்த தண்ணீரும் அவளுக்கு நினைவிருக்கும். சின்னப்பொண்ணு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் காலிக் குடத்தோடு திரும்பிப் போய்விடுவார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர்கள் சண்டைக்கு வந்திருந்தால்கூட அவள் வழக்கத்தின் பக்கம் நின்றிருப்பாள்.

"ஐயாவுக்குத் தண்ணி அன்னிக்கே வுட்டாச்சுங்க தம்பி."

தனசேகரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கடுத்தது.

"இன்னா பேசற நீ? அன்னிக்கு அப்பா உசுரோட இருந்தாரு."

"உசுரோட இருந்தாருன்னா அது நல்ல தண்ணிங்க. குடிக்கற தண்ணி. அத ஏங்க ரோட்டுல கொட்டுனீங்க?"

நல்ல தண்ணீர் என்று அவன் சொன்னால், குடங்களோடு நிற்கிற இத்தனை பேருக்கு எதிரில் அதைக் கொட்டியதற்குப் பதில் சொல்ல வேண்டும். சாவுத் தண்ணீர் என்றால், அது வாங்கியாயிற்று.

"சாவுத் தண்ணின்னு அம்மாதான் சொன்னாங்க. ஒரு சாவுக்கு ஒரு தடவதாங்க. எங்க தெருவு மொறைய ஐயாவுக்குக் குடுத்து முடிச்சிட்டோம்."

"ஒனக்கு இந்த வேலையக் குடுத்தவரு அவரு."

"ஆமாங்க" என்றாள் சின்னப்பொண்ணு. ஆனால் சாவியைக் கடைசித் தெரு வால்வில்தான் மாட்டினாள்.

அவன் போனை எடுத்துச் சங்கராபுரத்துக்குத் தண்ணீர் லாரி சொல்லிக்கொண்டே நடந்தான். அவர்களால் லாரி சொல்ல முடியும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வால்வைத் திருகினாள்.

கடைசித் தெருக் குழாய்களில் தண்ணீர் வந்தது. சந்தோஷக் கூச்சல் ஒன்றும் இல்லை. சாவு விழுந்த நாளில் ஒரு தெரு தண்ணீர் பிடிக்கிறதே என்ற கூச்சம் எல்லோருக்கும் இருந்தது. குடங்கள் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. குழந்தைகள் குழாயடியிலேயே கை ஏந்திக் குடித்தன. குடித்துவிட்டு மறுபடி குடித்தன.

தண்ணீர் நின்றதும் சின்னப்பொண்ணு வால்வை மூடிவிட்டுத் துக்கத்துக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. லாரி வந்து நின்றிருந்தது. பந்தலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். மூச்சு வாங்காத அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ரங்கம்மாள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னப்பொண்ணு ஓரமாக நின்றாள். அழ வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. அழுதிருந்தாலும் நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள். போன தடவை உயிரோடு இருந்தவருக்கே அழுதவள்தானே.

பந்தலிலேயே கண்ணாயிரம் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவள் தலையாட்டினாள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது பிறகு நடந்த கதை. அந்தச் சம்பளத்துக்கு அந்த ஏணியில் ஏறி அந்தத் திட்டை வாங்க ஊரில் இன்னொருத்தர் பிறக்கவில்லை. வேலையை விட்டுப் போகக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது அவளுக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்ற நினைப்போடுதான் பிணம் எடுக்கிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலில் ஒரு குடம் தண்ணீர் மூடி வைத்திருந்தது. சாலம்மாள் அவளுக்காகப் பிடித்து வைத்தது. வரிசையில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகு குழாயில் கசிந்ததைப் பிடித்தது. அடுத்த முறை வரைக்கும் அவளுக்கு இருப்பது அவ்வளவுதான்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் அந்தக் கோடையில் கடைசித் தெருவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கையை நனைத்துத் தலையில் நாலு சொட்டு தெளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். செத்தவர்களும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சின்னப்பொண்ணு வீட்டுக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். மறுபடி மொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து சாலம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏ, இன்னா பண்ற? தெளிச்சிக்கினா போதும்டி. குடிக்க இன்னா பண்ணுவ?"

சின்னப்பொண்ணு மறுபடி மொண்டு ஊற்றினாள். பாதியை ஊற்றிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை நிற்கவில்லை. சாலம்மாள் செம்பைப் பிடுங்கக் கை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் கிடந்த மிச்சத்தைத் தானே அவள் தலையில் ஊற்றினாள்.

"ஐயாவுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுத் தண்ணீரில் பாதியை ஊற்றிக்கொண்டுவரப் போனாள்.